புழு போய்க் குளவி வந்தது: குவானகாஸ்டே காட்டில் பத்து நாள்

நாள் 1

கோஸ்டா ரிக்காவின் லிபேரியா நகரில் காலை பஸ் ஏறினேன். நிகரகுவா எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் சாந்தா ரோசா தேசியப் பூங்காவின் வாசல் வந்துவிட்டது. வாசலில் இருந்து ஆய்வு நிலையத்துக்கு இன்னும் 7 கிலோமீட்டர். வன ஊழியர் ஒருவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக இளம்பச்சை. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பெரும்பாலான மரங்களில் இலையே இருந்திருக்காது என்றார். கோஸ்டா ரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்தக் காடு, டிசம்பரில் இருந்து மே பாதி வரை மழையே பார்க்காது. முதல் மழை விழுந்ததும் மரங்கள் எல்லாம் சேர்ந்து துளிர்க்கும். துளிரைத் தேடிப் புழு வரும். புழுவைத் தேடிக் குளவி வரும். அந்தக் குளவிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

குளவி என்றதும் கூரையில் கூடு கட்டி, கிட்டே போனால் கொட்டுகிற பெரிய குளவியை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது ஒட்டுண்ணிக் குளவி. பெரும்பாலானவை 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். பக்கத்தில் பறந்தால் கொசு என்று நினைத்துக் கையை வீசுவோம். இது உயிரோடிருக்கும் புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கிறது. புழு இலையைத் தின்கிறது, முட்டையில் இருந்து வந்த லார்வாக்கள் புழுவை உள்ளிருந்தே தின்கின்றன. கடைசியில் புழு சாகிறது. பேன், உண்ணி மாதிரி சாதாரண ஒட்டுண்ணிகள் தாங்கள் ஒட்டியிருக்கும் உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. இவை கொன்றே தீரும். அதனால்தான் ஆய்வாளர்கள் இவற்றைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குருவின் அருளால் சீடன் குருவாகவே ஆவதற்கு உவமை. மண்கூடு கட்டும் குளவி உள்ளே ஒரு புழுவைக் கொண்டுபோய் வைத்து அடைக்கிறது, சில வாரம் கழித்து அதே கூட்டில் இருந்து குளவி வெளியே வருகிறது. பார்த்தவர்கள் பார்த்ததைச் சரியாகத்தான் சொன்னார்கள். நடுவில் கூட்டுக்குள் நடந்தது மட்டும் கண்ணில் படவில்லை. அந்த நடுப்பகுதியைத்தான் இங்கே 1978 முதல் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொடங்கியவர்கள் டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் தம்பதி. முதல் 34 ஆண்டுகளில் வளர்த்துப் பார்த்த புழுக்கள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல்.

நான் இதுவரை பார்த்தவை எல்லாம் ஊசியில் குத்தி, பெட்டியில் வரிசையாக அடுக்கிய குளவிகள். அவற்றின் அடியில் இருக்கும் சீட்டில் "குவானகாஸ்டே" என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இன்று அந்த மண்ணில் கால் வைத்தாயிற்று. தூக்கம் வரவில்லை.

நாள் 2

விடியும்போதே ஊளைக் குரங்குகள் எழுப்பிவிட்டன. காலை ஆறு மணிக்குப் புழு தேடப் புறப்பட்டோம்.

என்னைக் கூட்டிப்போனவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் மரியாதையாக டோன்யா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இங்கே சின்னக் குழந்தையைக்கூட "உஸ்தேத்" என்று, அதாவது "நீங்கள்" என்று சொல்லிப் பேசுகிறார்கள். டோன்யா பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. இவரைப் போன்றவர்களுக்கு 1989 முதல் பயிற்சி கொடுத்து, இந்த வேலையையே அவர்களின் தொழிலாக்கியிருக்கிறார்கள். "பாராடாக்ஸானமிஸ்ட்" என்பது பதவியின் பெயர். வகைப்பாட்டியலாளருக்குத் துணை என்று அர்த்தம் வரும். ஒரு நாள் பார்த்ததற்கே துணை என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இவர் எடுத்துக் கொடுக்காவிட்டால் வகைப்படுத்த அங்கே என்ன இருக்கும்?

நான் மரத்தைப் பார்த்தேன். அவர் இலையில் இருந்த வெட்டைப் பார்த்தார். ஓர் இலையின் ஓரத்தில், கத்தரிக்கோலால் நறுக்கியது போல இரண்டு வெட்டு. வெட்டுக்கு நடுவில் இருந்த துண்டு மடிந்து, இலை மேலேயே கதவு மாதிரி கவிழ்ந்திருந்தது. ஓரத்தை வெள்ளை நூலால் தைத்திருந்தது. டோன்யா நகத்தால் மெல்லத் தூக்கினார். உள்ளே கறுப்பு உடம்பில் மஞ்சள் வளையம் போட்ட புழு ஒன்று, பெரிய தலையைத் திருப்பிப் பார்த்தது. ஸ்கிப்பர் வகைப் பட்டாம்பூச்சியின் புழு.

இந்த வளையப் புழுக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. முதுகில் நீலம் மின்னும் ஒரு ஸ்கிப்பருக்கு 1775-இல் பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பல நாடுகளில் பறக்கும் ஒரே இனம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் இங்கே புழு வளர்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு செடியில் கிடைக்கும் புழுவின் வளையம் ஒரு மாதிரி, இன்னொரு செடியில் வேறு மாதிரி. பட்டாம்பூச்சி மட்டும் ஒன்று போலவே வெளிவரும். 2004-இல் டி.என்.ஏ. பார்த்தபோது, இந்த ஒரு காட்டிலேயே அது குறைந்தது பத்து இனம் என்று தெரிந்தது.

புழுவை இலையோடு பிளாஸ்டிக் பையில் போட்டார். எண் எழுதிய சீட்டு ஒன்று உள்ளே போனது. ஆண்டு, அப்புறம் சாந்தா ரோசாவைக் குறிக்கும் எழுத்துகள், அப்புறம் வரிசை எண். குறிப்பேட்டில் செடியின் பெயர், இடம், தேதி, எடுத்தவர் பெயர். இனி இந்தப் புழுவுக்கு என்ன நடந்தாலும் இந்த எண்ணில்தான் சேரும்.

மதியத்துக்குள் இருவருமாக 31 புழு. அதில் நான் கண்டுபிடித்தது நான்கு. நான்காவது புழுவைக் கையில் வாங்கிய டோன்யா, "இது தின்னவில்லை" என்றார். மற்றவை உதைத்துத் திமிறின, இது அசையாமல் கிடந்தது. வேறு எதுவும் சொல்லாமல் பையில் போட்டார்.

திரும்பும்போது முள் வேல மரம் ஒன்றில் கை உரசிவிட்டது. அதன் கொம்பு போன்ற முட்களுக்குள் எறும்புகள் குடியிருக்கும், மரத்தைத் தொட்டவரை விடாது. கை இன்னும் எரிகிறது. ஜான்சன் இளைஞராக இருந்தபோது ஆராய்ந்தது இந்த எறும்புக்கும் மரத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைத்தான்.

நாள் 3

இரவு பதினோரு மணி. இப்போதுதான் கொட்டகையில் இருந்து வந்தேன். கை ஓயும்வரை எழுதிவிடுகிறேன்.

கொட்டகைக்குள் நீளநீளமாகக் கம்பி கட்டியிருக்கிறார்கள். துணி காயப்போடுவது மாதிரி நூற்றுக்கணக்கான பைகள் தொங்குகின்றன. ஒரு பைக்கு ஒரு புழு. தினமும் ஒவ்வொரு பையாகத் திறந்து, எச்சத்தைக் கொட்டி, வாடிய இலையை மாற்ற வேண்டும். சாயங்காலம் முழுக்க அந்த வேலையில் உதவினேன். எட்டு மணி இருக்கும், டோன்யா கூப்பிட்டு நேற்றைய நான்காவது புழுவைக் காட்டினார்.

புழுவின் பக்கவாட்டில் தோல் ஓரிடத்தில் புடைத்தது. புடைப்பின் நுனி கண்ணாடி போல மெலிந்து வந்து, ஒரு புள்ளியாகக் கிழிந்தது. பாலேடு நிறத்தில் ஒரு லார்வா தலையை வெளியே நீட்டி, உடம்பை முறுக்கி முறுக்கி வெளியேறியது. பாதி வந்ததும் நின்று ஓய்வெடுத்தது. பக்கத்திலேயே இன்னொன்று, அந்தப் பக்கம் மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் புழுவின் உடம்பு முழுக்க வெள்ளை முளை கட்டிய மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்தவை தலையை எட்டு எழுதுவது போல ஆட்டி ஆட்டி நூல் விட்டன. ஒரு மணி நேரத்தில் லார்வா எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, அரிசி மணியைவிடச் சின்னதாக வெள்ளைக் கூடுகள்தான் இருந்தன. எண்ணினேன், இருபத்து மூன்று.

புழு அப்போதும் சாகவில்லை. தொட்டால் தலையைத் திருப்பியது. உள்ளே இருந்தவை அதன் கொழுப்பையும் இரத்தத்தையும்தான் உண்டிருக்கின்றன, உயிர் போகும் உறுப்புகளைத் தொடவில்லை. உணவு கெடாமல் இருக்க வேண்டுமானால் புழு கடைசிவரை உயிரோடு இருந்தாக வேண்டும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. மறைத்துப் பயனில்லை.

எனக்கு எப்போதும் வியப்பு தருவது இதற்கு முந்திய கட்டம். புழுவின் இரத்தத்தில் காவல் செல்கள் உண்டு. அந்நியப் பொருள் எது நுழைந்தாலும் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடும். அப்படியானால் குளவியின் முட்டை எப்படிப் பிழைக்கிறது? தாய்க்குளவி முட்டையோடு வைரஸ் துகள்களையும் சேர்த்து ஊசி போடுகிறது. அவை புழுவின் காவலை முடக்கிவிடுகின்றன. அந்த வைரஸை உருவாக்கும் மரபுப்பொருள் குளவியின் சொந்த மரபணுத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது, பெண் குளவியின் சூலகத்தில் மட்டும்தான் துகளாகத் திரள்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மூதாதைக் குளவியைத் தொற்றிய வைரஸ், தாய் மகளுக்கு விட்டுப்போகும் சீதனம் மாதிரி இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

நாள் 4

இன்று முழுக்க நுண்ணோக்கி. முன்பே வளர்த்து எடுத்த குளவிகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது.

முதல் கேள்வி, எந்தக் குடும்பம். ஒட்டுண்ணிக் குளவிகளில் இக்நியூமோனிடே, பிரகோனிடே என்று இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. பிரிக்கும் வழி முன்னிறகு நரம்பில் இருக்கிறது. இறகின் வெளிப்பாதியில் குறுக்கே ஓடும் ஒரு நரம்பு இக்நியூமோனிடேயில் இருக்கும், பிரகோனிடேயில் இருக்காது. விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் கண் பழகிவிட்டால் இது ஒரு நொடி வேலை.

அடுத்தது, புழுக்களையே குறிவைக்கும் மைக்ரோகாஸ்ட்ரினே என்ற துணைக்குடும்பமா? உணர்கொம்பை எண்ண வேண்டும். இவற்றுக்கு எப்போதும் 18 கணுக்கள். நான் இன்று எடுத்ததில் பதினேழு வரை எண்ணிவிட்டு, நுனிக்கணு ஒடிந்திருப்பதைக் கண்டு வேறொன்றை எடுத்தேன். பேரினத்துக்கு வரும்போது நெஞ்சின் பின்புறச் சரிவைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குச் சற்று மேலே. அபன்டெலஸ் பேரினத்தில் அந்தச் சரிவில் மெல்லிய மேடுகள் ஓடும். வயலில் வரப்பு கட்டின மாதிரி, நடுவில் ஒரு பாத்தி. கோடீசியாவில் பாத்தி கிடையாது, சொரசொரவென்று இருக்கும், நடுவில் ஒரே நெடுவரப்பு. கிளிப்டபன்டெலஸில் பெரும்பாலும் வழவழப்பு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் வரப்பு நிழல் விட்டுத் தெரியும். விளக்கு நேர் மேலே இருந்தால் எல்லாம் வழவழப்பாகத்தான் படும். தொடக்கத்தில் இதில் நிறைய ஏமாந்திருக்கிறேன்.

பேரினம் வரை இப்படிக் கண்ணாலேயே வந்துவிடலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். மேஜையில் ஒரு பெட்டி, உள்ளே வரிசையாகக் கறுப்புக் குளவிகள். இறகில் ஒரு வெளிர் பொட்டு, கால் நிறம் ஒன்று, பாத்தி ஒன்று. காலை முழுவதும் மாற்றி மாற்றிப் பார்த்தும் எனக்கு ஒரே இனமாகத்தான் தெரிந்தது. அபன்டெலஸ் லியூகோஸ்டிக்மஸ் என்ற ஒரே பெயரில்தான் இவை முன்பு இருந்தன. பிறகு பெட்டியின் சீட்டுகளைப் படித்தேன். ஒன்று வந்தது இந்த ஸ்கிப்பர் புழுவில் இருந்து, அடுத்தது வேறொரு ஸ்கிப்பரில் இருந்து, மூன்றாவது இன்னொன்றில் இருந்து. டி.என்.ஏ.வும் புழுவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல, அந்த ஒரு பெயருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பது தெரியவந்தது.

2008-இல் வெளியான ஆய்வில் இந்தக் காட்டில் வளர்த்து எடுத்த 2,597 குளவிகளைச் சோதித்தார்கள். ஆறு பேரினம். உருவத்தை மட்டும் வைத்துப் பிரித்தபோது 171 இனம். பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டு, பார்த்ததும் இன்னும் 142 கூடி 313 ஆனது. அந்த 313-இல் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், ஒரே ஒரு புழு இனத்தையோ மிகச் சிலவற்றையோதான் தாக்குகின்றன. எண்ணிக்கை கூடியதைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயம். கண்ணை மட்டும் நம்பியிருந்தபோது "இந்தக் குளவி கிடைத்த புழுவை எல்லாம் தாக்கும்" என்று எழுதினோம். உண்மையில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புழுவை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. நம்மால் பிரித்துப் பார்க்க முடியாததை, அவற்றின் சோம்பேறித்தனமான உணவுப் பழக்கம் என்று தப்பாகப் புரிந்துகொண்டோம்.

நாள் 5

நேற்று இரவு தொடங்கிய மழை நிற்கவில்லை. பைகளுக்கு இலை மாற்றினோம். நான்காவது புழு செத்துவிட்டது. கூடுகள் அப்படியே இருக்கின்றன. கூட்டுக்கொத்தைக் கண்ணாடிக் குப்பியில் மாற்றி, சீட்டையும் உள்ளே போட்டோம்.

நாள் 6

மலைக்கு அந்தப் பக்கம் போய்வந்தோம். இந்தப் பாதுகாப்புப் பகுதியின் சிறப்பே இதுதான். பசிபிக் கரையோர வறண்ட காட்டில் தொடங்கி, எரிமலைகளின் உச்சியில் மேகக் காடு, கரீபியப் பக்கச் சரிவில் மழைக்காடு என்று மூன்றும் தொட்டுத் தொட்டு ஒரே வேலிக்குள் இருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வறண்ட காட்டில் மூச்சு விட்ட மாதிரி இங்கே விட முடியவில்லை, அவ்வளவு ஈரம். துணி, தாள், பூதக்கண்ணாடியின் தோல் உறை எல்லாம் பிசுபிசுத்தன.

காட்டு வழியில் ஒரு மலேஸ் பொறி வைத்திருந்தார்கள். பார்க்கக் கூடாரம் போல இருக்கும், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வலை. பறந்து வந்து முட்டும் பூச்சி வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும். உச்சியில் ஒரு புட்டி, அதில் 95 சதவீத எத்தனால். ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் 1930-களில் உருவாக்கியது. தன் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல் மூலையில் இருந்த ஓட்டை வழியாக வெளியேறுவதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாம்.

ஒரு வாரத்துப் புட்டியைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். ஈ, வண்டு, விட்டில் எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறக் குழம்பு. இடுக்கியால் கிளறக் கிளற ஒட்டுண்ணிக் குளவிகள் வந்துகொண்டே இருந்தன. உலோகப் பச்சையில் சில, உடம்பைவிட நீளமான முட்டையிடும் ஊசியோடு சில, நுண்ணோக்கி இல்லாமல் தூசியென்றே தோன்றும் சில. ஒரு மணி நேரத்தில் நான் மட்டும் முப்பது நாற்பது வகையைப் பிரித்து வைத்தேன்.

உற்சாகம் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிட்டது. இவை எந்தப் புழுவில் வளர்ந்தன, அந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது, எதுவும் இந்தப் புட்டியில் இல்லை. ஒரு இடத்தில் எத்தனை இனம் இருக்கிறது என்று வேகமாக மதிப்பிட மலேஸ் பொறியை மிஞ்ச எதுவும் இல்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் டோன்யாவின் ஒரு பிளாஸ்டிக் பையில் வரும் ஒரே ஒரு குளவி, இந்தத் தட்டு முழுவதையும்விட எனக்கு அதிகம் சொல்கிறது.

நாள் 7

இன்று நான் செய்த தப்பை எழுதாமல் விடக்கூடாது.

காலையில் இலை மாற்றும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டு பைகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்தேன். ஒரு சமயத்தில் ஒரு பைதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இரண்டிலும் பச்சைப் புழு, ஒரே அளவு. இலையை வைத்து நிமிர்ந்தபோது எந்தச் சீட்டு எந்தப் பையில் இருந்தது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இடது கைப்பக்கம் இருந்ததுதான் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதை வைத்து எழுத முடியுமா?

டோன்யாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு புழுவையும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் இரண்டு எண்களுக்கும் நேரே கோடு போட்டு, பதிவு ரத்து என்று எழுதினார். ஒருவேளை நான் நினைத்தது சரியாக இருக்கலாமே என்று கேட்டேன். "ஒருவேளை" என்ற சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டு புழுவையும் அவை கிடைத்த செடிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். ஐந்து லட்சம் பதிவில் இரண்டு போனால் என்ன என்று தோன்றலாம். ஒரு தப்பான பதிவு உள்ளே போனால், ஒரே புழுவை நம்பியிருக்கும் குளவி இரண்டு புழுவைத் தாக்குவதாகப் புத்தகத்தில் ஏறிவிடும். பிறகு யாராவது அதை நம்பி அடுத்த கணக்கைப் போடுவார்கள். பழைய பட்டியல்களில் இப்படி ஏறிய தப்புகள் ஏராளம், அவற்றைத் துடைத்தெடுக்கவே பலரின் வாழ்நாள் போயிருக்கிறது.

நாள் 8

வந்துவிட்டன!

விடிகாலையில் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே ஏதோ ஓடியது. ஒவ்வொரு கூட்டின் நுனியிலும் வட்டமாக ஒரு மூடியை அறுத்துத் திறந்துகொண்டு வந்திருக்கின்றன. ஜாடி மூடி மாதிரி, சில மூடிகள் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே தொங்கின. மதியத்துக்குள் பத்தொன்பது வந்தன. நான்கு கூடு இன்னும் திறக்கவில்லை. பெண் குளவிகள் வயிற்றின் நுனியில் ஊசியோடு, ஆண்கள் நீண்ட உணர்கொம்போடு. இரண்டு ஆண்கள் குப்பிக்குள்ளேயே இறகை அதிரவிட்டு ஒரு பெண்ணைச் சுற்றின.

உறைகுளிரில் வைத்து, பிறகு எத்தனாலில் போட்டோம். நுண்ணோக்கியில் பார்த்தேன். பதினெட்டுக் கணு. சாய்ந்த வெளிச்சத்தில் வரப்பு, நடுவில் பாத்தி. அபன்டெலஸ்தான். எந்த அபன்டெலஸ் என்பதை இனிக் கால் சொல்ல வேண்டும். ஒரு குளவியின் ஒரு காலை மட்டும் பிடுங்கி, 96 குழி கொண்ட தட்டில் ஒரு குழியில் போடுவார்கள். தட்டு கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். 2003-இல் பால் ஹெபர்ட் பார்கோடு யோசனையை முன்வைத்தது அங்கேதான். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரே ஒரு மரபணுவின் 658 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே இருக்கும் வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். மீதிக் குளவி முழுசாகப் பெட்டியில் இருக்கும். சந்தேகம் வந்தால் எப்போதும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

பார்கோடு ஒன்றை மட்டும் நம்பலாமா என்று சாயங்காலம் பேச்சு வந்தது. 2014-இல் இதே காட்டின் அபன்டெலஸ் குளவிகளில் 186 புதிய இனங்களை விவரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உருவ விவரம், அளவு, படம், புழு, பார்கோடு எல்லாம் உண்டு. 2021-இல் கோஸ்டா ரிக்காவின் பிரகோனிடே குளவிகளில் 403 இனங்களுக்கு ஒரே கட்டுரையில் பெயர் வைத்தார்கள். அதில் ஓர் இனத்தை அடையாளம் சொல்வது முக்கியமாக பார்கோடுதான், கூடவே பக்கவாட்டுப் படம் ஒன்று, கிடைத்த இடத்தில் புழுவின் பெயர். வகைப்பாட்டியலாளர்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். பழைய பாணியில் போனால் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கும் முன் காடே இருக்காது என்பது செய்தவர்களின் வாதம்.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பார்கோடு இல்லாமல் இந்தக் குளவிகளைப் பிரிக்க முடியாது, நான்காம் நாள் பெட்டியே எனக்கு அதைக் காட்டிவிட்டது. ஆனால் பார்கோடும் தடுக்கி விழும். சில சமயம் குளவிக்குள் குடியிருக்கும் வோல்பாகியா பாக்டீரியாவின் வரிசை குளவியின் வரிசை போலப் படிக்கப்பட்டுவிடும். எழுத்து வரிசையோடு புழுவின் சாட்சியும் இருந்தால் இந்த மாதிரித் தடுமாற்றம் உடனே பிடிபடும். அதோடு, எழுத்து வரிசையைப் படிக்கும் வசதி இல்லாத ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பவரும் குளவியைப் பார்த்து ஓரளவாவது அருகில் வர முடிய வேண்டும். அதற்கு நான்கு வரி உருவ விவரம் எழுதினால் என்ன?

2014-இல் பெயர் பெற்ற இனங்களில் பலவற்றுக்கு இங்கே வேலை செய்பவர்களின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். சமையலறையில் இருந்த ஒருவர், தன் பெயரில் ஒரு குளவி இருப்பதாகச் சொல்லி அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அதன் புழு எது, எந்தச் செடி என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நாள் 9

திறக்காத நான்கு கூட்டில் இரண்டு இன்று திறந்தன. மொத்தம் இருபத்தொன்று. மீதி இரண்டைத் தூக்கிப்போட வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார் டோன்யா. ஏன் என்று கேட்டதற்கு வேறொரு குப்பியைக் கொண்டுவந்தார். அதில் இருந்த கூடுகளும் இதே மாதிரி வெள்ளைதான். ஆனால் தாமதமாக வெளியே வந்திருந்தது நீண்ட காலோடு, மஞ்சள் கலந்த பழுப்பில், ஒல்லியான ஒரு குளவி. இறகைப் பார்த்தேன். நடுவில் நரம்புகள் சேர்ந்து அழகான சாய்சதுரம் ஒன்று. மெசோகோரஸ்! பிரகோனிடே கூட்டில் இருந்து இக்நியூமோனிடே குளவி.

இது ஒட்டுண்ணியின் ஒட்டுண்ணி. புழுவுக்குள் ஒளிந்திருக்கும் குளவி லார்வாவை, புழுவின் தோலுக்கு வெளியே இருந்தே கண்டுபிடித்து, அந்த லார்வாவுக்குள் தன் முட்டையை வைக்கிறது. முதல் லார்வா எதுவும் நடக்காதது போல வெளியே வந்து கூடு கட்டும். கூட்டுக்குள் அதைத் தின்று முடித்துவிட்டு இது வெளிவரும். இது தெரியாதவர் புழுவின் எண்ணுக்கு நேராக மெசோகோரஸ் என்று மட்டும் எழுதினால், அது புழுவைத் தாக்குவதாக ஆகிவிடும். அதனால் எந்தக் கூட்டில் இருந்து எது வந்தது என்று கூட்டையும் சேர்த்தே பத்திரப்படுத்துகிறார்கள். இலை, புழு, குளவி, அதற்கு மேல் இன்னொரு குளவி. நான்கு தளம், எல்லாம் ஒரே எண்ணில்.

நாள் 10

பதினொரு மணிக்குப் பஸ். அதற்கு முன் கொட்டகைக்குப் போனேன். டோன்யா என் நான்காவது புழுவின் குளவிகளை எத்தனால் குப்பியில் போட்டு வைத்திருந்தார். உள்ளே போட வேண்டிய சீட்டு மட்டும் வெறுமையாக மேஜையில் இருந்தது. பென்சிலை என் கையில் கொடுத்தார்.

ஆண்டு, நிலையத்தின் எழுத்து, வரிசை எண். எழுதி முடித்து நீட்டினேன். அவர் குறிப்பேட்டைத் திறந்து, என் சீட்டை அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் படித்தார். பிறகு பழைய பையில் இருந்த சீட்டை எடுத்து, அதோடும் ஒரு தடவை ஒப்பிட்டார். "சரி" என்று சொல்லிச் சீட்டைக் குப்பிக்குள் இறக்கி மூடியைத் திருகினார். திறக்காத இரண்டு கூடுகளும் தனிக் குப்பியில் அதே கம்பியில் தொங்குகின்றன.